தொடக்கப் பள்ளியில் வணிகக் கல்வி – ஒரு சிந்தனை

நம் வட்டாரத்துக் களங்களில் மரக்கால் கொண்டு நெல் அளந்த காலத்தில் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணும் வழக்கம் இருந்ததில்லை. ‘லாபம்’ என்று தொடங்கி, ‘இரண்டு, மூன்று’ என்று தொடர்வார்கள். மங்கலமாகத் தொடங்க வேண்டும் என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தமிழில் ‘முதல்’ என்னும் சொல்லுக்கு ஆரம்பம் என்றும் பொருள் உண்டு. தொழிலில் இடும் பணம் என்றும் பொருள் உண்டு. முதல் நிற்க வேண்டிய இடத்தில் இலாபத்தை நிறுத்தி எண்ணுவது மங்கலத்துக்குப் பொருந்தும், கணக்குக்குப் பொருந்தாது. விதை, உரம், உழவுக்கூலி, நடவுக்கூலி ஆகிய அனைத்தும் கழிந்த பின்னர் எஞ்சுவதன்றோ இலாபம்? இந்த வேறுபாட்டை எட்டு வயதுக் குழந்தை ஒன்று விளங்கிக்கொள்ளுமா, விளங்கிக்கொள்ளுமாயின் அதனை எவ்வாறு கற்பிப்பது என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

தொழில் முனைவுக் கல்வி என்னும் சொற்றொடர் இன்று எங்கும் கேட்கிறது. தில்லி அரசு 2019ஆம் ஆண்டில் தன் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இதற்கெனத் தனிப் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. தமிழகத்தில் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘நான் முதல்வன்’ திட்டம் உயர்கல்வி மாணவரின் தொழில்திறனைக் கருத்தில் கொண்டது. இவை வளர்ந்த பிள்ளைகளுக்கானவை. இப்போது ஆறு வயதுக் குழந்தைக்கும் வணிகம் கற்பிக்க வேண்டும் என்று சொல்வோர் பெருகி வருகின்றனர். நகரங்களில் கட்டணம் பெற்றுக்கொண்டு ‘குட்டி முதலாளி’களை உருவாக்கித் தருவதாக விளம்பரம் செய்வோரும் உளர். இவ்விளம்பரங்களை நாம் ஐயத்துடனேயே நோக்குகிறோம். அதே நேரத்தில், தொடக்கப் பள்ளியில் வணிக அறிவுக்கு இடமே இல்லை என்று கூறுவதும் நம் மண்ணின் கல்வி வரலாற்றை அறியாத கூற்றாகும்.

திண்ணைப் பள்ளியும் வாணிகக் கணக்கும்

சோழநாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் எழுத்துக்கு நிகரான இடம் எண்ணுக்கு இருந்தது. எண்சுவடியே அங்கு அடிப்படை நூல். அதில் வெறும் வாய்பாடு மட்டும் இருந்ததென்று கருதிவிடக் கூடாது. நெல்லிலக்கம் என்பது முகத்தலளவைக்கு உரியது. பொன்னிலக்கம் என்பது நிறைக்கு உரியது. குழிமாத்து என்பது நிலத்தின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பரப்பைக் காண்பதற்கு உரியது. ஆக, களம், கடை, வயல் ஆகிய மூன்று இடங்களிலும் தேவைப்படும் கணக்கு பத்து வயதுக்குள் சிறுவனின் நாவில் ஏறிவிடும்.

பின்னங்களை எடுத்துக்கொள்வோம். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி என்பது 80இல் ஒரு பங்கு. மா என்பது 20இல் ஒரு பங்கு. மாகாணி என்னும் வீசம் 16இல் ஒரு பங்கு. இவற்றுள் ‘மா’ என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குவது தகும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்பது தஞ்சை நில அளவை. வேலியில் இருபதில் ஒரு பங்கு ஆதலின் அந்நிலத்துக்கும் மா என்றே பெயர். எண்ணின் பெயரும் நிலத்தின் பெயரும் ஒன்றாகிவிட்டன. இன்றும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து உழவர் ஒருவர், “மூணு மா நடவு முடிஞ்சுது” என்று சொல்லும்போது, தம்மை அறியாமலே பின்னக் கணக்கொன்றைச் சொல்லுகிறார். ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர்.

நெல்லளவை இதனினும் சுவையானது. எட்டு நாழி ஒரு குறுணி, அதுவே மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். எனவே கலத்துக்கு மரக்கால் பன்னிரண்டு. இவ்வளவைகளைக் கொண்டு ஒரு கணக்கு அமைத்துப் பார்ப்போம். மாவுக்கு ஐந்து கலம் காணும் நிலத்தில் மூன்றரை மாவின் விளைச்சல் பதினேழு கலம் ஆறு மரக்கால். அதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு மா, அறுத்தவருக்குக் கூலி என்றால், கூலி பத்து மரக்கால் நான்கு நாழி. தாளும் கோலும் இன்றி இத்தகைய கணக்குகளைச் சொல்லும் பயிற்சியைத்தான் திண்ணைப் பள்ளி அளித்தது. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரமோ இவற்றைத் தாண்டி, பலாப்பழத்தை அறுக்காமலேயே உள்ளிருக்கும் சுளையைக் கணிப்பது போன்ற வேடிக்கைக் கணக்குகளையும் தந்து, மாணவனின் ஆர்வத்தைத் தூண்டியது.

இவை எங்கோ சில ஊர்களில் மட்டும் நடந்தவையல்ல. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு ஆணையிட்டுத் திரட்டிய விவரங்களின்படி அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன என்று அவரது 1826ஆம் ஆண்டுக் குறிப்பு கூறுகிறது. அதற்கும் முன்னரே, சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையை இங்கே கையாண்டு, 1797ஆம் ஆண்டு இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தில் அது ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை கடல் கடந்த கதை அது!

திண்ணையில் கற்ற கணக்கு கடையில் முற்றியது. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் நடத்திய கடைகளில் சிறுவன் ஒருவன் ‘பெட்டியடிப் பையன்’ என்ற நிலையில் சேர்ந்து, பின்னர் அடுத்தாள் ஆகி, முதலாள் என உயர்ந்தான். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து கடல் கடந்து சென்ற சபராளிகளும் பெரும்பாலும் இத்தகைய பட்டறிவுப் பள்ளியிலேயே பயின்றவர்கள். அவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் வணிக மேலாண்மை படித்ததில்லை. பேரேட்டைப் பிழையின்றி எழுதவும், சொன்ன நாளில் சரக்கைச் சேர்க்கவும், வாங்கிய கடனை மறவாமலிருக்கவும் அறிந்திருந்தார்கள். ‘நாணயம்’ என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிப்பது அவர்களுக்கு வியப்பாய் இருந்திராது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாராட்டும் இடத்திலும் அவர்களது செல்வத்தோடு அளவு பிசகாத நடுவுநிலையே சிறப்பாகப் பேசப்படுகிறது.

கணக்கு யாருக்குத் தெரிந்தது?

இவ்வளவு சொல்லிவிட்டு, அந்தப் பழைய முறையையே மீட்டுக் கொண்டுவர வேண்டும் என்று நாம் கூறப்போவதாக நினைக்க வேண்டா. திண்ணைப் பள்ளியின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பெண்குழந்தைகளுக்கு அங்கு இடம் அரிது. சேற்றில் இறங்கி நட்டவரின் பிள்ளைக்கு இடமே இல்லை. விளைவு என்ன? களத்தில் கணக்குப்பிள்ளைக்குக் கணக்குத் தெரியும். கூலி வாங்கும் பண்ணையாளுக்குத் தெரியாது. தலைதட்டி அளந்தார்களா, குவித்து அளந்தார்களா, வாங்கும்போது எடுத்த மரக்காலும் கொடுக்கும்போது எடுத்த மரக்காலும் ஒன்றுதானா என்று கேட்கும் திறமும் துணிவும் ஒரு சாராருக்கு மறுக்கப்பட்டிருந்தன.

கீழத்தஞ்சையின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு பெரும் பகுதி இந்த அளவைச் சுற்றியே நடந்தது. 1940களில் பி. சீனிவாசராவ் இவ்வட்டாரத்தில் பண்ணையாட்களைத் திரட்டினார். 1961இல் மறைந்த அவருடைய நினைவிடம் திருத்துறைப்பூண்டியிலேயே உள்ளது. 1952ஆம் ஆண்டில் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் எரிந்து மாண்ட கொடுமைக்குப் பின்னணியாக நின்றதும் நெற்கூலிப் பூசலே. கணக்கறிவு என்பது நம் ஊரில் வெறும் பாடமாக என்றும் இருந்ததில்லை. அது யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்து வாழ்வும் தாழ்வும் அமைந்தன.

எனவே தொடக்கப் பள்ளியில் வணிக அறிவு வேண்டும் என்று நாம் கூறுவது, எல்லாக் குழந்தைகளும் முதலாளிகள் ஆகவேண்டும் என்ற ஆசையினால் அன்று. எடைமேடை முன்னும், வங்கி முகப்பிலும், ஒப்பந்தத் தாளின் முன்னும் நிற்கும் எவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதனாலேயே. நாளைக்கு ஒரு பிள்ளை கடை வைக்கலாம். மற்றொரு பிள்ளை கூலிக்குச் செல்லலாம். இன்னொரு பிள்ளை ஆசிரியராகலாம். மூவருக்கும் முதல், செலவு, இலாபம், கடன், தவணை என்பன இன்னவை என்று தெரிந்திருக்க வேண்டும்.

1953இன் நிழல்

‘தொடக்கப் பள்ளியில் தொழில்’ என்று சொன்னவுடன் தமிழகத்தில் மூத்தோர் பலரின் முகம் மாறும். அது நியாயமே. இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1953இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்ற திட்டம் கொண்டுவரப்பட்டது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். எதிர்ப்பு வலுத்தது. 1954இல் இராஜாஜி பதவி விலகியபின் காமராசர் அரசு அதனைக் கைவிட்டது. அத்திட்டத்தை ஆதரித்தோர் கூறிய காரணங்கள் எவையாயினும், உழுபவன் பிள்ளை உழவே கற்கட்டும் என்ற முடிவுக்கே அது கொண்டு சென்றிருக்கும் என்பது நம் கருத்து.

வணிகக் கல்வி பற்றிய எந்தப் புதிய யோசனையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கப்பட வேண்டும். பள்ளி நேரத்தைக் குறைக்கிறதா? பிள்ளையின் உழைப்பில் வேறொருவர் பயன் பெறுகிறாரா? தந்தையின் தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிப் போடுகிறதா? இம்மூன்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று விடை வந்தாலும் அந்த யோசனையை ஒதுக்கிவிடலாம்.

இது பழங்கதை என்று எண்ணுவதற்கில்லை. பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் எல்லாத் தொழில்களிலும் தடை செய்துள்ளது. ஆயினும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு அளித்துள்ளது. அந்த விலக்கின் இடுக்கில் எத்தனையோ பிள்ளைகள் சிக்கக்கூடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் பகுதியைச் சூறையாடிய பின்னர், டெல்டாவில் முன்பணத்துக்காக ஆடு மேய்க்க ஒப்படைக்கப்பட்ட சிறுவர்கள் மீட்கப்பட்ட செய்திகளும் வந்தன. முன்பணம், தவணை, வட்டி என்ற சொற்களை ஒரு குழந்தை அவ்வாறு அடிமைப்பட்டுக் கற்பதற்கும், வகுப்பறையில் கரும்பலகையின் முன் அமர்ந்து கற்பதற்கும் உள்ள தொலைவு பெரிது.

ஜாமியாவின் சிறுவர் கடை

இந்தச் சிக்கலை நம் நாட்டில் ஆழமாகச் சிந்தித்தவர்களுள் டாக்டர் ஜாகிர் உசேன் முதன்மையானவர். பிற்காலத்தில், 1967இல், இந்தியக் குடியரசுத் தலைவரான அவர், 1926 முதல் தில்லியில் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை நடத்தி வந்தார். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டின் முடிவில் அமைக்கப்பட்ட குழுவுக்கும் அவரே தலைவர். கைத்தொழிலை நடுவாக வைத்து ஏழாண்டுக் கட்டாயக் கல்வி என்பது அக்குழு வகுத்த திட்டம். நம் முந்தைய தலைமுறையினர் தக்ளி சுற்றிய ஆதாரக் கல்வி அதன் வழி வந்ததே.

அக்குழுவின் அறிக்கையில் ஓர் எச்சரிக்கை உண்டு. அதனைப் பலர் கவனிப்பதில்லை. திட்டத்தின் பொருளாதாரப் பக்கம் மேலோங்கிக் கல்விப் பக்கம் தேய்ந்துபோகும் இடர் உள்ளது. குழந்தைகளிடமிருந்து இயன்ற மட்டும் உழைப்பைக் கறப்பதிலேயே ஆசிரியர் கருத்தைச் செலுத்திவிடக் கூடும் என்ற பொருளில் அது அமைந்தது. திட்டத்தை வகுத்தவர்களே அதன் பள்ளத்தையும் சுட்டிக்காட்டியமை பாராட்டுக்குரியது. பின்னாளில் பல ஊர்களில் நடந்தது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில் விழுந்ததே. எத்தனை சிட்டம் நூல் என்று எண்ணினார்கள். பஞ்சின் விலை என்ன, நூலின் விலை என்ன, இடையில் நின்ற உழைப்பின் விலை என்ன என்று குழந்தையிடம் கேட்டவர் சிலரே.

ஜாமியாவின் தொடக்கப் பள்ளியில் நடந்ததோ வேறு. அங்கு அப்துல் கஃபார் முத்ஹோலி என்னும் ஆசிரியர் செயல்திட்ட முறையில் பாடங்களை அமைத்தார். பிள்ளைகளே நடத்தும் கடை ஒன்றும், பிள்ளைகளே நடத்தும் வங்கி ஒன்றும் அங்கு இருந்தன. கடைக்குச் சரக்கு வாங்குவதும், விலை குறிப்பதும், கணக்கெழுதுவதும், வங்கியில் பணம் கட்டுவதும் எடுப்பதும் அவர்களுக்குப் பாடங்கள். கூட்டலும் கழித்தலும் அங்கே புத்தகத்திலிருந்து வரவில்லை, கல்லாவிலிருந்து வந்தன. உழைத்துப் பொருள் ஈட்டித் தருபவனாகக் குழந்தை அங்கு நிறுத்தப்படவில்லை. கணக்கின் உரிமையாளனாக நிறுத்தப்பட்டான். இவ்வேறுபாடே நம் கட்டுரையின் அச்சாணி. (இத்தனை பணிகளுக்கிடையில் குழந்தைகளுக்காக உருதுவில் கதைகளும் எழுதியவர் ஜாகிர் உசேன் என்பதை இலக்கிய மாணவர் மனங்கொள்க. அவருடைய ‘அப்பூகானின் ஆடு’ புகழ்பெற்றது.)

பிற இடங்களிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. கர்நாடகத்து அரசுப் பள்ளிகள் பலவற்றில் ‘மக்கள சந்தெ’ என்ற பெயரில் குழந்தைகள் சந்தை நடத்துகிறார்கள். வீட்டுக் கொல்லையில் விளைந்த கீரையையும் காயையும் கொண்டுவந்து பிள்ளைகள் விற்கிறார்கள். பின்லாந்து நாட்டில் ஆறாம் வகுப்பு மாணவர்கள், சிறிய அளவில் அமைக்கப்பட்ட ஒரு நகரத்தில் ஒரு நாள் முழுதும் கடைக்காரராகவும் வங்கி அலுவலராகவும் பணிசெய்து பார்க்கும் ஏற்பாடு உள்ளது. ஒரு நாள் விழா என்ற அளவில் இவை நல்லனவே. ஆனால் சந்தை முடிந்த மறுநாள் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் முன்னர் ‘சஞ்சாயிகா’ என்ற பள்ளிச் சேமிப்பு நடைபெற்றதைப் பெரியோர் நினைவுகூர்வர். அது சேமிக்கும் பழக்கத்தைத் தந்தது. சேமித்த பணம் எவ்வாறு முதலாகிறது என்பதைச் சொல்லவில்லை.

நாற்பது ரூபாய் முதல்

இனி, திருத்துறைப்பூண்டிப் பகுதியின் ஒரு தொடக்கப் பள்ளியில் இதனை எவ்வாறு நடத்தலாம் என்று காண்போம். நான்காம் வகுப்பில் ஒரு பென்சில் கடை. வகுப்பின் பொதுப்பணத்திலிருந்து நாற்பது ரூபாய் முதல். பத்துப் பென்சில் கொண்ட பெட்டி ஒன்று நாற்பது ரூபாய் என்றும், ஒரு பென்சிலை ஐந்து ரூபாய்க்கு விற்பது என்றும் கொள்வோம். எல்லாம் விற்றால் ஐம்பது ரூபாய் வரும். பத்து ரூபாய் இலாபம். இதுவரை பாடநூல் சொல்லிவிடும்.

ஆனால் உண்மைக் கடையில் இவ்வளவு நேர்த்தியாக எதுவும் நடப்பதில்லை. வார இறுதியில் எட்டுப் பென்சில் விற்றுள்ளது. ஒன்று உடைந்துவிட்டது. ஒன்றை ஒரு தோழி “நாளைக்குத் தருகிறேன்” என்று வாங்கிச் சென்றாள். கல்லாவில் இருப்பது நாற்பது ரூபாய். ‘இலாபம் எங்கே?’ என்று ஆசிரியர் கேட்கட்டும். ஒரு பிள்ளை இலாபமே இல்லை என்பான். மற்றொருத்தி ஐந்து ரூபாய் இருக்கிறது என்பாள். கையில் இல்லையே என்பான் முன்னவன். தோழியின் கணக்கில் இருக்கிறது என்பாள் அவள். தோழி தராவிட்டால்? உடைந்த பென்சிலின் நட்டத்தை யார் தாங்குவது? கடனுக்குக் கொடுத்தது சரியா? கொடுக்காமல் விட்டிருந்தால் அவள் தேர்வு எழுதியிருக்க முடியுமா? இவ்வைந்து நிமிட உரையாடலில் வரவு, பற்று, நட்டம், நம்பிக்கை ஆகிய நான்கும் வந்துவிடுகின்றன. தனியே ஒரு பாடநூல் தேவையில்லை. தேவைப்படுவது இரண்டு பத்தி கொண்ட ஒரு நோட்டுப் புத்தகமும், விடையை முந்திக்கொண்டு சொல்லிவிடாத பொறுமையுள்ள ஓர் ஆசிரியருமே.

இங்கு இரண்டு செய்திகளில் கண்டிப்பு வேண்டும். ஒன்று, முதலைப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து கேட்கக் கூடாது. கேட்டால் பத்து ரூபாய் கொண்டுவர இயலாத பிள்ளை முதல் நாளே ஒதுக்கப்பட்டுவிடும். மற்றொன்று, விற்பவர், கல்லா பார்ப்பவர், கணக்கெழுதுபவர் என்ற பொறுப்புகள் வாரந்தோறும் மாற வேண்டும். கடைக்காரர் பிள்ளையே எப்போதும் கல்லாவில் அமர்வதும், கூலிக்காரர் பிள்ளை எப்போதும் பெட்டி சுமப்பதும், பெண்பிள்ளைகள் எப்போதும் கடையைப் பெருக்குவதும் நேர்ந்தால், 1953ஐ நாமே வகுப்பறைக்குள் அழைத்து வந்தவர்களாவோம்.

ஐந்தாம் வகுப்பில் நெல் கொள்முதல் நிலையத்தைப் பாடமாக்கலாம். அறுவடைக் காலத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் காணும் காட்சி அது. அங்கு நெல் நாற்பது கிலோ சிப்பமாகப் பிடிக்கப்படுகிறது. இரண்டரைச் சிப்பம் ஒரு குவிண்டால். குவிண்டால் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சிப்பம் ஒன்றுக்கு 1,000 ரூபாய். கிலோ ஒன்றுக்கு 25 ரூபாய். ஒரு சிப்பத்துக்கு ஒரு கிலோ கூடுதலாகப் பிடித்தால் உழவருக்கு எவ்வளவு குறையும்? நூறு சிப்பத்துக்கு எவ்வளவு? 2,500 ரூபாய் என்று பிள்ளை கணக்கிட்டுச் சொல்லும்போது, அந்தத் தொகை ஒரு குவிண்டால் நெல்லின் விலைக்குச் சரியாக இருப்பதையும் அதுவே கண்டுகொள்ளும். ஈரப்பதம் மிகுந்தால் நெல்லை ஏன் ஏற்பதில்லை என்ற வினா எழுந்தால் அறிவியல் ஆசிரியரிடம் அனுப்பலாம். எடை போட்டவுடன் சீட்டு வாங்க வேண்டும் என்பதை மட்டும் கணக்கு ஆசிரியரே சொல்லிவிடுவது நலம். மரக்கால் காலத்துப் பண்ணையாளின் பேரப்பிள்ளை எடைமேடையின் முள்ளை நோக்கும் பார்வை அப்போது வேறாக இருக்கும்.

விதை என்னும் முதல்

நம் ஊருக்கே உரிய மற்றொரு பாடமும் உண்டு. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006ஆம் ஆண்டு முதல் பாரம்பரிய நெல் விதைத் திருவிழா நடைபெறலாயிற்று. அதனை முன்னின்று நடத்தியவர் ‘நெல்’ ஜெயராமன். நம்மாழ்வாரின் தொடர்பால் இப்பணியில் இறங்கி, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் முதலிய நூற்றுக்கும் மேற்பட்ட நெல் வகைகளை மீட்டெடுத்த அவர் 2018 டிசம்பர் 6 அன்று காலமானார். அவர் வகுத்த நடைமுறை எளியது. விழாவுக்கு வரும் உழவருக்கு இரண்டு கிலோ விதைநெல் இலவசமாக வழங்கப்படும். அவர் அதனைப் பயிரிட்டு, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நான்கு கிலோ வேறு இருவருக்குப் போகும்.

இதனைக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம். முதலாண்டு ஓர் உழவர். இரண்டாம் ஆண்டு இருவர். மூன்றாம் ஆண்டு நால்வர். ஆறாம் ஆண்டு முப்பத்திருவர். எல்லோரும் சொன்ன சொல் தவறாமல் திருப்பித் தந்தால் மட்டுமே இந்த எண்ணிக்கை. நடுவில் ஒருவர் தவறினால் எத்தனை பேருக்கு விதை இல்லாமற் போகும் என்று குழந்தைகளே கணக்கிடட்டும். இரண்டாம் ஆண்டில் ஒருவர் தவறினால் ஆறாம் ஆண்டில் பதினாறு பேருக்கு விதை இல்லை. நாணயம் என்பதற்கு எண்ணால் ஒரு விளக்கம் தர முடியுமானால் அது இதுதான்.

இவ்விடத்தில் கூர்மையான பிள்ளை ஒன்று, ‘இரண்டு வாங்கி நான்கு தருவது வட்டியாகாதா?’ என்று கேட்கும். நம் சமுதாயப் பெரியோரும் அக்கேள்வியைக் கேட்பர். கேட்க வேண்டிய கேள்வியே. அதனை அடக்கிவிடாமல் வகுப்பிலேயே விவாதிக்கச் செய்வது நன்று. திரும்பி வரும் கூடுதல் விதை கொடுத்தவரின் பத்தாயத்தில் சேர்வதில்லை. மற்றோர் உழவருக்கு முதலாகிறது என்பது ஒரு விடை. வெள்ளத்தில் பயிர் அழிந்துவிட்டால் அந்த உழவரிடம் என்ன கேட்பது என்பது அடுத்த வினா. ஒருவர் முதல் இட, மற்றவர் உழைக்க, இலாபத்தைப் பேசியபடி பகிர்ந்து, நட்டம் வந்தால் முதல் இட்டவர் பணத்தையும் உழைத்தவர் தம் உழைப்பையும் இழக்கும் கூட்டுமுறை நம் வணிகக் குடும்பங்கள் அறிந்ததே. கடன், வட்டி, கூட்டு ஆகிய மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்தாம் வகுப்பில் இதனினும் ஆழமாகக் கற்பிக்கத் தேவையில்லை. எது சரி என்ற தீர்ப்பை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லலாம். பிள்ளைகள் கொண்டுவரும் பல்வேறு விடைகளே மறுநாள் பாடம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமே போதாத நேரத்தில் புதிய சுமையா என்ற அவர்களின் அச்சத்தை நாம் மதிக்கிறோம். தனிப் பாடவேளை வேண்டா. தேர்வும் மதிப்பெண்ணும் அறவே வேண்டா. வாரத்தில் ஒரு கணக்கு வேளையைக் கடைக்கு ஒதுக்கினால் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒப்புதலைப் பெற்று, பொதுப்பணத்தின் வரவு செலவைக் குழுவின் முன் பிள்ளைகளையே படிக்கச் சொல்லலாம். ஊரில் ஐம்பதாண்டு கடை நடத்திய பெரியவர் ஒருவரையும், சந்தையில் மீன் விற்கும் அம்மா ஒருவரையும், பருவத்துக்கு ஒரு நாள் வகுப்புக்கு அழைக்கலாம். வெற்றிக் கதைகளை அவர்கள் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளைய கணக்கைச் சொன்னால் போதும்: எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எவ்வளவுக்கு வாங்கினார்கள், எவ்வளவு கெட்டுப்போயிற்று, யார் யார் பாக்கி என்று.

தமிழ் ஆசிரியருக்கும் இதில் பங்கு உண்டு. முதல், ஐந்தொகை, பேரேடு, பற்று, வரவு, பாக்கி, தவணை, ஆதாயம், கைம்மாற்று என்ற சொற்கள் ஒரு காலத்தில் கடைத்தெருவில் வழங்கியவை. இன்று அகராதிக்குள் ஒதுங்கிக்கொண்டிருக்கின்றன. கடைக் கணக்கைப் பிள்ளைகள் இச்சொற்களாலேயே எழுதப் பழகினால் அவை மீண்டும் வழக்குக்கு வரும்.

ஆண்டு இறுதியில் பென்சில் கடையில் எஞ்சிய இலாபத்தை என்ன செய்வது என்பதையும் பிள்ளைகளே கூடி முடிவு செய்யட்டும். சிலர் மிட்டாய் வாங்கலாம் என்பர். சிலர் அடுத்த வகுப்புக்கு முதலாக விட்டுச் செல்லலாம் என்பர். சிலர் ஆளுக்கு இத்தனை என்று பிரிக்கச் சொல்வர். பிரிப்பதானால் எல்லோருக்கும் சமமா, உழைத்த நாளைக்கு ஏற்பவா என்று அடுத்த வழக்கு எழும். அந்த வழக்கில் ஆசிரியர் தலையிடாமல், முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதியிட்டு எழுதி, எல்லோரிடமும் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.